ஆகாயத்தில் பந்தி வைத்த குமாஸ்தா

(நமது கொல்கத்தா நிருபர்)

சௌரங்கி வழியாக நடக்காத தமிழர் கொல்கத்தாவில் இருக்க முடியாது. சாலைக்கு ஜவாஹர்லால் நேரு பெயர் வைத்துப் பல காலமாகிவிட்டது. ஆனாலும் பஸ் கண்டக்டர் முதல் நாம் வரை எல்லோருக்கும் அது சௌரங்கிதான். சம்பளம் வாங்கிய வாரத்தில் நியூ மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் கிராண்ட் ஓட்டலின் நீண்ட தாழ்வாரத்தைக் கடந்துதான் போக வேண்டும். நடைபாதைக் கடைக்காரரிடம் பேரம் பேசி ஒரு பெல்ட்டோ இரண்டு பனியனோ வாங்கிக்கொண்டு, ஓட்டல் வாசலில் தலைப்பாகையுடன் நிற்கும் காவலரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறோம். உள்ளே போனவர்கள் நம்மில் மிகச் சிலர். போகாததற்குக் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

அந்த ஓட்டலுக்கு முதலாளியாக இருந்தவர் நம்மைப் போல ஒரு குமாஸ்தாவாக வாழ்க்கையைத் தொடங்கியவர். மாதம் 50 ரூபாய் சம்பளத்தில் பில் எழுதிக்கொண்டிருந்தவர். இதைச் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். இன்று விமானத்தில் தட்டில் வைத்துக் கொடுக்கிறார்களே சாப்பாடு, அதைத் தரையில் சமைத்து விமானத்துக்கு ஏற்றி அனுப்பும் தொழிலை இந்திய ஓட்டல்காரர்களில் முதன்முதலாகத் தொடங்கியதும் அவரது நிறுவனம்தான். இது பலருக்குத் தெரியாது. எனக்கும் இரண்டு வருடங்களுக்கு முன்புவரை தெரியாது.

ஊரில் பெரியம்மா காலமான செய்தி அப்போது இரவில் வந்தது. ரயிலில் போனால் காரியத்துக்குத்தான் போய்ச் சேர முடியும். ரயில்வேயில் வேலை பார்ப்பவனுக்கு இலவச பாஸ் இருந்தும் கடன் வாங்கி விமான டிக்கெட் எடுத்தேன். அதுதான் என் முதல் ஆகாயப் பிரயாணம். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. காசு கொடுத்து வாங்கிய ரொட்டி சாண்ட்விச் பனிக்கட்டி போல இருந்தது. காப்பி என்று கொடுத்ததில் சூடும் இல்லை, காப்பியும் இல்லை. அன்றைக்கு இருந்த மனநிலையில் சாப்பாட்டைப் பற்றிக் குறை சொல்லத் தோன்றவில்லை. திரும்பி வந்த பிறகுதான், இந்தச் சாப்பாட்டை யார் சமைக்கிறார்கள், எங்கே சமைக்கிறார்கள், ஏன் இப்படி இருக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினேன். விசாரணை டம்டம்மில் தொடங்கிக் கிராண்ட் ஓட்டல் வாசலில் வந்து நின்றது.

அவர் பெயர் மோகன் சிங் ஓபராய்.

சிம்லாவுக்குப் போன பரீட்சை

1898 ஆகஸ்டு 15ஆம் தேதி, இப்போது பாகிஸ்தானில் இருக்கும் ஜீலம் மாவட்டத்தில் பௌன் என்ற சிறு கிராமத்தில் பிறந்தார். குழந்தைக்கு ஆறு மாதமாக இருக்கும்போதே தகப்பனார் இறந்துவிட்டார். தாயார்தான் வளர்த்தார். கிராமத்தில் கொஞ்சம், ராவல்பிண்டியில் கொஞ்சம், பிறகு லாகூரில் என்று படிப்பு நடந்தது. கையில் பணமில்லாததால் அதுவும் நின்றுபோயிற்று. லாகூரில் சித்தப்பா முறை உறவினர் ஒருவரின் செருப்புத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். பஞ்சாப் கலவரக் காலத்தில் அந்தத் தொழிற்சாலையும் மூடப்பட்டது. 1920இல் இஷ்ரன் தேவியுடன் கல்யாணம் ஆயிற்று. கல்யாணம் ஆனதே தவிர உத்தியோகம் ஆகவில்லை.

கிராமத்தில் பிளேக் பரவியது. மகன் அங்கே இருக்க வேண்டாம் என்று தாயார் சொல்லிவிட்டார். அரசாங்க அலுவலகத்தில் இளநிலைக் குமாஸ்தா வேலைக்குப் பத்திரிகையில் விளம்பரம் வந்திருந்தது. தாயார் கொடுத்த 25 ரூபாயுடன் சிம்லாவுக்குப் போய்ப் பரீட்சை எழுதினார். தேறவில்லை.

இந்த இடத்தில் சற்று நிற்கத் தோன்றுகிறது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு ரயில்வே தேர்வுக்காக அலைந்தவர்களுக்கு, முடிவு ஒட்டிய பலகையில் தன் எண் இல்லாதபோது தெரு எப்படித் தெரியும் என்பது தெரியும். சிம்லா மலைப்பாதையில் அந்த இளைஞருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அந்த நடையில்தான் செசில் ஓட்டல் கண்ணில் பட்டது. வெள்ளைக்காரத் துரைமார்கள் தங்கும் பெரிய ஓட்டல். உள்ளே போய் வேலை கேட்டார். மானேஜர் குரோவ் என்ற ஆங்கிலேயர் அவரைப் பில் குமாஸ்தாவாகச் சேர்த்துக்கொண்டார். 1922ஆம் வருடம், மாதம் 50 ரூபாய்.

செசிலில் அடிக்கடி வந்து தங்குபவர்களில் பண்டித மோதிலால் நேருவும் ஒருவர். ஒருமுறை அவருக்கு ஓர் அறிக்கையை அவசரமாகத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. ஓபராய் இரவு முழுவதும் கண்விழித்து அடித்து, காலையில் பிழையில்லாமல் கொண்டுபோய்க் கொடுத்தார். மோதிலால் எடுத்துக் கொடுத்தது ஒரு நூறு ரூபாய் நோட்டு. இரண்டு மாதச் சம்பளம்! அந்தப் பணத்தில் மனைவிக்கு ஒரு கைக்கடிகாரம், குழந்தைக்குத் துணிமணி, தமக்கு ஒரு மழைக்கோட்டு வாங்கினார். சிம்லா மழைக்கு மழைக்கோட்டு இல்லாமல் அத்தனை நாள் ஓட்டியிருக்கிறார் என்று தெரிகிறது.

கறிகாய்க் கணக்கு

செசிலில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த கிளார்க் என்ற ஆங்கிலேயர் தனியாக ஒரு சிறிய ஓட்டலை எடுத்து நடத்தத் தொடங்கியபோது ஓபராயையும் அழைத்துக்கொண்டார். இங்கேதான் அவர் தொழிலைக் கற்றார் என்று நான் நினைக்கிறேன். பெரிய ஓட்டலில் பில் எழுதும் குமாஸ்தாவுக்குச் சமையல்கட்டு தெரியாது. சிறிய ஓட்டலில் எல்லாம் தலையில் விழும்.

கிளார்க் விடுமுறையில் ஆறு மாதம் சீமைக்குப் போனபோது ஓட்டலை இவரிடம் விட்டுவிட்டுப் போனார். ஓபராயும் மனைவியும் தாங்களே சந்தைக்குப் போய் இறைச்சியும் காய்கறியும் வாங்கினார்கள். அதற்கு முன் இடைத்தரகர்களும் சமையற்காரர்களும் எழுதிக் கொடுத்த கணக்கோடு ஒப்பிட்டால் செலவு பாதியாகக் குறைந்ததாம். விருந்தாளிகளும் அதிகமானார்கள். நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இது ஆச்சரியமாக இராது. லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்கு ஒரு விலை வாசலில், ஒரு விலை உள்ளே என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் ஓட்டல் நடத்துபவரே கூடையைத் தூக்கிக்கொண்டு போவது அந்தக் காலத்து வழக்கமில்லை.

1934இல் கிளார்க் ஓட்டலை விற்றுவிட்டு ஊர் திரும்ப விரும்பினார். ஓபராய் மனைவியின் நகைகளையும் இருந்த சொத்தையும் அடகு வைத்து வாங்கினார். ஆகஸ்டு 14ஆம் தேதி கைக்கு வந்தது. மறுநாள் அவருக்கு 36 வயது நிறைந்தது.

சிம்லாவைப் பற்றி ஒரு விஷயத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அது சுமார் 7,000 அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 100 டிகிரி வரை சூடாவதில்லை. 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரமாகும். தேநீரின் சாறு சரியாக இறங்காது. சமவெளியிலிருந்து மலைக்குப் போகும் சமையற்காரர்கள் முதல் வாரம் திண்டாடுவார்கள். இது பின்னால் வரும்.

ஆறு பேரைக் கொன்ற ஓட்டல்

இப்போது நமது ஊருக்கு வருகிறோம். சௌரங்கியில் கிராண்ட் ஓட்டலை எழுப்பியவர் அரத்தூன் ஸ்டீபன் என்ற ஆர்மீனியர். பாரசீகத்தின் இஸ்பஹானிலிருந்து வந்தவர். பக்கத்தில் இருந்த அவரது நாடகக் கொட்டகை 1911இல் எரிந்துபோனபின், அடுத்தடுத்த வீடுகளையும் வாங்கி இந்த மாளிகையைக் கட்டினார். புத்தாண்டு இரவில் அங்கே நடனமும் ஷாம்பேனும் நடந்த விதத்தைப் பற்றி இன்றும் கதைகள் உண்டு.

ஸ்டீபன் இறந்து சில வருடங்களில், 1930களில், நகரத்தில் டைபாய்டு பரவியது. கிராண்ட் ஓட்டலில் தங்கியிருந்தவர்களில் ஆறு பேர் செத்தார்கள். ஓட்டலின் சாக்கடை அமைப்பின்மேல் சந்தேகம் விழுந்தது. வெள்ளித் தட்டு, பளிங்குத் தரை, நடனக்கூடம் என்று எவ்வளவு இருந்து என்ன? விருந்தாளி வருவது நின்றது. 1937இல் ஓட்டலை இழுத்து மூடிவிட்டார்கள்.

500 அறை கொண்ட ஓட்டல் பூட்டிக் கிடந்தது. அதை எடுத்து நடத்த யாரும் முன்வரவில்லை. அதை 1938இல் குத்தகைக்கு எடுத்தவர்தான் ஓபராய். சிம்லாவில் 50 அறை நடத்தும் மனிதருக்கு இது துணிச்சலா, பைத்தியக்காரத்தனமா என்று அன்று கேட்டிருப்பார்கள். மறு வருடம் கதவைத் திறந்தார். ஊர் முழுவதும் மரண ஓட்டல் என்று பெயர் வாங்கிய இடத்தில் ஒருவரை உட்காரவைத்து ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கவைப்பதுதான் அங்கே முதல் வேலை. அலங்காரமெல்லாம் அதற்குப் பிறகு. அதைச் செய்தார்.

இன்னொன்றும் செய்தார். பதினாறு வருடங்களுக்கு முன் 50 ரூபாய்க்குத் தம்மை வேலைக்கு எடுத்த அதே குரோவை, மாதம் 1,500 ரூபாய் சம்பளத்தில் கிராண்டுக்கு மானேஜராக அமர்த்தினார். நன்றியா, தொழில் கணக்கா என்று எங்கள் அலுவலகத்தில் இதை வைத்து ஒரு மத்தியானம் விவாதம் நடந்தது. பெரியவர் ஒருவர் இரண்டும் ஒன்றாக இருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு ஃபைலைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

யுத்தம் வந்தது. ஆயிரக்கணக்கான சோல்ஜர்களுக்குக் கிராண்டில் இடமும் சாப்பாடும் கொடுத்தார்கள். ஓட்டல் தழைத்தது. 1943இல் அந்தச் சொத்தையே வாங்கினார். அதே வருடம் அசோசியேட்டட் ஓட்டல்ஸ் என்ற பெரிய கம்பெனியின் ஆதிக்கமும் அவர் கைக்கு வந்தது. தாம் பில் எழுதிய செசில் ஓட்டலும் அதில் ஒன்று. டில்லி, லாகூர், ராவல்பிண்டி, பெஷாவர் ஓட்டல்களும் சேர்ந்து வந்தன. அரசாங்கம் ராய் பகதூர் பட்டமும் கொடுத்தது.

1943 என்றால் வங்காளத்தில் அதற்கு இன்னொரு அர்த்தம் உண்டு. பஞ்சம். கிராமங்களிலிருந்து நடந்துவந்த ஜனங்கள் இந்த நகரத்தின் வாசல்களில் நின்று சோறு கேட்கவில்லை, வடித்த கஞ்சியைத்தான் கேட்டார்கள். நடைபாதைகளில் செத்தார்கள். சௌரங்கி நடைபாதையும் அதில் உண்டு. வங்காளம் முழுவதும் இறந்தவர்கள் முப்பது லட்சம் வரை இருக்கும் என்பது பலரும் ஏற்கும் கணக்கு. ஒரே தெருவில் கதவுக்கு உள்ளே பட்டாளத்துக்குப் பந்தி, வெளியே இது. அதற்கு ஓபராய் பொறுப்பல்ல. ஆனால் அவர் வாழ்க்கையை எழுதும்போது அந்த வருடத்தை வெறும் லாபக் கணக்காக எழுதிவிட்டுப் போக, இந்த ஊர்ச் சோற்றைத் தின்பவனால் முடியவில்லை.

மூன்று ஷில்லிங் பொட்டலம்

ஓட்டலிலிருந்து விமானத்துக்கு எப்படிப் போனார் என்பதைச் சொல்ல, விமானச் சாப்பாட்டின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1919 அக்டோபரில் லண்டனிலிருந்து பாரிஸுக்குப் பறந்த ஹாண்ட்லி பேஜ் விமானத்தில் மதிய உணவுப் பொட்டலம் விற்றார்கள். விலை மூன்று ஷில்லிங். உலகத்தில் விமானச் சாப்பாட்டின் தொடக்கம் அதுதான் என்பார்கள். ஆக, காசு கொடுத்துப் பொட்டலம் வாங்குவது இந்தக் காலத்து மலிவுக் கம்பெனிகள் கண்டுபிடித்ததல்ல. வட்டம் சுற்றி வந்த இடத்துக்கே வந்திருக்கிறோம்.

1930களில் நமது டம்டம்மில் டச்சுக்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் தங்கள் விமானங்களை இறக்கினார்கள். ஐரோப்பாவிலிருந்து கிழக்கே போகும் வழியில் கல்கத்தா ஒரு சத்திரம் போல. விமானம் பகலில் பறக்கும், இரவில் இறங்கும். பிரயாணிகள் நல்ல சாப்பாட்டைத் தரையில், ஓட்டலில்தான் சாப்பிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு இரவுத் தபால் விமானத்தில் போனவர்கள் நடுநிசியில் நாக்பூரில் இறங்குவார்கள். டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நான்கு ஊர் விமானங்களும் அங்கே வந்து தபால் மாற்றிக்கொள்ளும். 1949இல் தொடங்கிய ஏற்பாடு அது. ரயில்வே ஜங்ஷன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அமெரிக்காவில் இதற்குள் வேறு வழி பிறந்திருந்தது. 1936இல் யுனைட்டட் என்ற விமானக் கம்பெனி ஓக்லண்டில் விமானங்களுக்கென்றே ஒரு சமையற்கூடம் வைத்தது. 1937இல் வாஷிங்டன் விமான நிலையத்துக்கு அருகில் மேரியட் என்பவரின் சாப்பாட்டுக் கடையில் விமானத்துக்குப் போகிறவர்கள் பொட்டலம் வாங்கிப் போவதைக் கவனித்து, விமானத்துக்கே நேராகக் கொடுத்தனுப்பத் தொடங்கினார்கள். அந்த மேரியட்டும் பின்னால் பெரிய ஓட்டல் முதலாளியானார்.

இந்தியாவில் அதே யோசனையை 1959இல் செய்தது ஓபராய் நிறுவனம். காலம் பொருத்தமானது. மறு வருடமே ஏர் இந்தியா போயிங் 707 ஜெட் விமானத்தைப் பறக்கவிட்டது. 1960 மே மாதம் நியூயார்க் வரை போயிற்று. இனி வழியில் இறங்கிச் சாப்பிடும் பேச்சே இல்லை. நூறு பேருக்கு மேல் ஒரே சமயத்தில் ஆகாயத்தில் பசிக்கும். ரயிலில் என்றால் பாண்ட்ரி கார் உண்டு, அதில் அடுப்பு உண்டு. அந்தச் சாப்பாடு பிடிக்காவிட்டால் பிரம்மபூரிலோ விஜயவாடாவிலோ இறங்கி ஒரு பொட்டலம் வாங்கலாம். விமானத்தில் தீ மூட்ட முடியாது. ஜன்னலைத் திறந்து இட்லிக்காரரைக் கூப்பிடவும் முடியாது.

ஆகவே தரையில் சமைக்க வேண்டும். சமைத்ததைச் சில மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்குக் கீழே குளிரவைக்க வேண்டும். குளிர்ந்த நிலையிலேயே தட்டில் பகிர்ந்து, தள்ளுவண்டியில் அடுக்கி, லாரியில் ஏற்றி, விமானத்தின் வாசல் உயரத்துக்கு லாரியின் பெட்டியைத் தூக்கி உள்ளே தள்ள வேண்டும். மேலே போனபின் பணிப்பெண்கள் அதைச் சூடு காட்டித் தருவார்கள். அவர்கள் சமைப்பதில்லை. நாம் முகம் சுளிப்பது அவர்களிடம். ஆனால் அந்தக் குழம்பு பல மணி நேரத்துக்கு முன்பு, பல மைல் தூரத்தில், நாம் பார்க்காத ஒருவரின் கையால் ஆனது.

சந்தைக்குத் தாமே போய் வாங்கியவர், தண்ணீரால் பெயர் கெட்ட ஓட்டலை எடுத்து நிமிர்த்தியவர் இந்தத் தொழிலில் இறங்கியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஓட்டலில் ஒரு பதார்த்தம் கெட்டிருந்தால் சாப்பிடுபவர் தட்டைத் திருப்பி அனுப்பலாம். விமானத்தில் கெட்டுப்போனது தெரியவரும்போது எல்லோரும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள்.

ஓர் உதாரணம். 1975 பிப்ரவரியில் டோக்கியோவிலிருந்து பாரிஸுக்குப் போன ஜப்பான் விமானத்தில் 344 பேர் இருந்தார்கள். வழியில் அலாஸ்காவின் ஆங்கரேஜில் ஏற்றிய காலை உணவில் பன்றி இறைச்சி வைத்த ஆம்லெட். அதைத் தயாரித்தவர்களில் ஒரு சமையற்காரரின் விரலில் சீழ்ப்புண் இருந்தது. அந்த உணவைக் குளிர்ச்சியில் வைக்காமல் பல மணி நேரம் வெளியில் வைத்திருந்தார்கள். கிருமி கக்கிய விஷம் மறுபடி சூடு காட்டியதில் அழியவில்லை. கோபன்ஹேகனில் இறங்குவதற்குள் 197 பேர் வாந்தியும் பேதியுமாக விழுந்தார்கள். 140 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். விமானிகள் தப்பினார்கள். ஆங்கரேஜில் ஏறிய அவர்களுக்கு அது காலை உணவு நேரமில்லை என்பதால் ஆம்லெட்டைத் தொடவில்லை. தொட்டிருந்தால் விமானத்தை இறக்க ஆளில்லை. இரண்டு விமானிகளும் ஒரே உணவைச் சாப்பிடக் கூடாது என்று பல கம்பெனிகள் விதி வைத்திருப்பது இதனால்தான்.

ருசி எங்கே போகிறது?

சுத்தம் சரி, ருசி ஏன் இல்லை என்று கேட்பீர்கள். இங்கேதான் சிம்லா திரும்ப வருகிறது. விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்து மலையில் இருப்பது போலத்தான் வைக்கப்படுகிறது. அதாவது ஏறக்குறைய சிம்லா. செசில் ஓட்டலில் ஓபராய் பில் எழுதிய உயரத்தில்தான் இன்று ஒவ்வொரு ஜெட் பிரயாணியும் சாப்பிடுகிறார். தண்ணீர் அதே 92, 93 டிகிரியில் கொதிக்கும். தேநீர் அங்கே போலவே இங்கேயும் சோடை போகும்.

ஒரு வித்தியாசம். சிம்லாவில் மழை உண்டு, மழைக்கோட்டு வேண்டும். விமானத்துக்குள் காற்று பாலைவனத்தைவிட வறண்டது. மூக்கும் நாக்கும் காய்ந்துவிடும். மூக்கு காய்ந்தால் வாசனை போயிற்று, வாசனை போனால் ருசியில் பெரும் பகுதி போயிற்று. 2010இல் ஜெர்மனியில் லுஃப்தான்சா கம்பெனிக்காக ஒரு பழைய விமானக் கூண்டில் ஆட்களை உட்காரவைத்துச் சோதித்தார்கள். உப்பின் சுவை 20 முதல் 30 சதம் வரை, இனிப்பின் சுவை 15 முதல் 20 சதம் வரை குறைவாகத் தெரிந்ததாம். புளிப்பும் காரமும் மசாலாவும் அவ்வளவு அடிபடுவதில்லை. நம் சமையலுக்கு இது அனுகூலம். வெள்ளைக்காரரின் வேகவைத்த கோழியைவிட நம் புளிக்குழம்பு மேலே தைரியமாக நிற்கும்.

இந்த விஷயத்தில் ஓபராய்க்கு இணையாகக் கவலைப்பட்ட இன்னொருவர் ஜே.ஆர்.டி. டாட்டா. ஏர் இந்தியா தேசியமயமான பிறகும் 1978 வரை அதன் தலைவராக இருந்தவர். தமது விமானத்தில் பிரயாணம் செய்யும்போதெல்லாம் கையில் குறிப்புப் புத்தகம் இருக்கும். ஒரு பிரயாணத்தில் கொடுத்த தேநீருக்கும் காப்பிக்கும் நிறத்தில் வித்தியாசமே இல்லை என்று அதிகாரிகளுக்கு எழுதிக் கேட்டவர் அவர். ஒரு தலைவர் தேநீரின் நிறத்தைப் பார்ப்பதா என்று சிலர் சிரித்திருக்கலாம். ஆனால் அந்த வருடங்களில்தான் ஏர் இந்தியாவின் உபசரணைக்கு உலகத்தில் பெயர் இருந்தது. டாட்டாவின் தாஜ் ஓட்டல்காரர்களும் பின்னால் இதே விமானச் சமையல் தொழிலுக்கு வந்தார்கள். சென்னையிலும் அவர்களுக்குச் சமையற்கூடம் உண்டு.

பெரிய கம்பெனிகளில் சைவச் சாப்பாடு வேண்டுவோர் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும் என்பதை இங்கே ஞாபகப்படுத்துகிறேன். வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போகும் நம்மவர்கள் டிக்கெட் எடுக்கும்போது ஏ.வி.எம்.எல். என்று கேட்க வேண்டும். இந்திய முறைச் சைவச் சாப்பாட்டுக்கு உலகம் முழுவதும் அதுதான் குறியீடு. கோடம்பாக்கத்து ஏ.வி.எம்.முக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கடைசி நேரத்தில் விமானத்துக்குள் கேட்டால் கிடைக்காது. தட்டுக்கள் எண்ணித்தான் ஏறுகின்றன.

பிற்காலம்

ஓபராயின் பிற்கால வாழ்க்கை பெரிய முதலாளிகளின் வாழ்க்கை போலத்தான். வேகமாகச் சொல்லிவிடலாம். 1962இல் ராஜ்ய சபைக்குப் போனார். 1968இல் ஹஜாரிபாக் தொகுதியிலிருந்து லோக் சபைக்குப் போனார். 1965இல் டில்லியில் வெளிநாட்டுக் கம்பெனியுடன் சேர்ந்து நவீன ஓட்டல், 1973இல் பம்பாய்க் கடற்கரையில் 35 மாடி ஓட்டல், எகிப்தில் பிரமிடுகளுக்கு எதிரே ஓர் ஓட்டல். 1988இல் சென்னையில், மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், டிரைடண்ட் திறந்தது. 1966இல் ஓட்டல் தொழிலைக் கற்பிக்க ஒரு பள்ளியும் தொடங்கினார். ஓட்டல் அறைகளைப் பராமரிக்கும் வேலைக்குப் பெண்களை எடுத்ததிலும் அவர் இந்தியாவில் முன்னோடி. அந்தக் காலத்தில் அதற்கு எதிர்ப்பு இருந்தது.

1984இல் மூத்த மகன் திலக்ராஜ் காலமானார். இளைய மகன் பிருத்விராஜ் சிங் பொறுப்பேற்று நீண்ட காலம் நடத்தி, 2023 நவம்பரில் மறைந்தார். சிம்லாவின் செசிலை நடுவில் மூடிப் பல வருடம் வேலை செய்து 1997இல் மறுபடி திறந்தார்கள். பரீட்சையில் தோற்ற இளைஞர் நுழைந்து 75 வருடங்கள் ஆகியிருந்தன. அவர் அப்போது உயிரோடு இருந்தார். 2001இல் பத்மபூஷண் கிடைத்தது. 2002 மே 3ஆம் தேதி, 103ஆவது வயதில் காலமானார்.

பெரியம்மாவின் காரியம் முடிந்து நான் கொல்கத்தா திரும்பியதும் விமானத்தில்தான். லீவு அவ்வளவுதான் இருந்தது. இந்தத் தடவை எதுவும் வாங்கவில்லை. அக்கா இலையில் கட்டிக் கொடுத்த புளியோதரைப் பொட்டலம் பையில் இருந்தது. விசாகப்பட்டினத்துக்கு மேலே எங்கோ பறந்துகொண்டிருந்தபோது பிரித்தேன். பக்கத்து இருக்கை வங்காளிப் பெரியவர் வாசனைக்குத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் கொஞ்சம் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டினார். எனக்கு மட்டும் உப்பு கொஞ்சம் குறைவாகப் பட்டது. வீடு வந்து சேர்ந்ததும் அக்கா போனில் சாப்பாடு எப்படி இருந்தது என்று கேட்டாள். உப்பு விஷயத்தைச் சொல்லவில்லை.